முன்னறையில் ஒரு சங்கம்

10 நவம்பர் 2024, ஞாயிறு

வகுப்புக்குப் பதினோரு பேர். நாற்காலி போதாமல் சமையலறையிலிருந்து இரண்டு ஸ்டூல் எடுத்துப் போட்டேன். காலையில் மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் நாளை வருவதாகச் சொன்னார்.

புதுவை–வியட்நாம் நட்புறவுச் சங்கத்தை நானும் அமலோர் சாரும் தொடங்கி இருபத்தோரு வருடம் ஆகிறது. அவர் தலைவர், நான் செயலாளர். அன்றிலிருந்து இதுதான் ஏற்பாடு. பள்ளி வகுப்பறை, தையற்கடை மாடி, மாதா கோயில் கூடம் என்று அலைந்துவிட்டு, 2018 முதல் ரெயின்போ நகரில் என் வீட்டு முன்னறையில் சங்கம் நடக்கிறது. பெயர்ப்பலகை என் வாசலில்தான் தொங்குகிறது. தபால்காரர் என் பெயரைச் சொல்வதில்லை, “சங்கம்” என்றுதான் குரல் கொடுப்பார். தபால் துறையிலேயே முப்பத்தெட்டு வருடம் இருந்தவனுக்கு அதைக் கேட்க நன்றாக இருக்கும்.

இந்த ஊரில் பல வீடுகளில் யாராவது ஒருவர் பிரெஞ்சுக்காரர் காலத்தில் வியட்நாமின் சைகோனில் இருந்திருப்பார். எங்கள் வீட்டில் யாரும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தபால் பிரிக்கும்போது அந்த நாட்டு ஸ்டாம்பு ஒட்டிய உறைகள் கைக்கு வரும். அதைப் பார்த்துப் பிடித்த ஆசை. மொழியையும் புத்தகம் வைத்து நானாகத்தான் படித்தேன்.

இன்று எழுத நினைத்தது வேறு. லான் அம்மாள் ஏழு மாதமாக வகுப்புக்கு வருகிறார். தகப்பனார் இந்த ஊர், தாயார் சைகோன். பதினாலு வயதில் இங்கே வந்தவர். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்று நான் ‘அம்மா’ என்பதற்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கையைத் தூக்கி, கொஞ்சம் தயங்கி, நான் சொல்கிற ராகத்தில் அது ‘கல்லறை’ என்று கேட்கிறது என்றார். பிறகு சரியாகச் சொல்லிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீதி வகுப்பை அவரையே எடுக்கச் சொன்னேன். யாரும் வற்புறுத்தவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை.

17 நவம்பர், ஞாயிறு

செயற்குழுக் கூட்டம். இரண்டாவது பொருளாக, வழக்கம் போல, ‘சங்கத்துக்கு நிரந்தர இடம் தேடுதல்’. வழக்கமாக நான் “முயற்சி தொடர்கிறது” என்று வாசிப்பேன், அமலோர் சார் தலையாட்டுவார், அடுத்த பொருளுக்குப் போவோம்.

இன்று லான் அம்மாள், வைசியாள் வீதியில் ஒரு வீடு இருக்கிறது என்றார். நடுவில் முற்றம், முன்னால் பெரிய கூடம், மாடியில் இரண்டு அறை. வீட்டுக்காரர் மதாம் ஃபெலிசித்தே, பிரான்சில் துலூஸ் நகரில் இருக்கிறார். அவர் தாயார் கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது லான் அம்மாள்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டாராம். மகளுக்கு வீட்டை விற்க மனமில்லை. விருந்தினர் விடுதி நடத்த ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் வீட்டில் தினமும் ஆள் நடமாட்டமும் பேச்சும் இருக்கும் என்றால் சங்கத்துக்கே எழுதித் தரலாம் என்று அவர் நினைக்கிறாராம்.

 எல்லோரும் சேர்ந்து பேசினார்கள். அமலோர் சார் எழுந்து போய் லான் அம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “இருபத்தோரு வருசமா நாங்க தேடறோம்மா. நீ ஏழே மாசத்துல கண்டுபிடிச்சிட்டே” என்றார்.

இருபத்தோரு வருடத்தில் என் கையை அவர் அப்படிப் பிடித்ததில்லை. இதை ஒரு தகவலாகத்தான் எழுதுகிறேன்.

பழைய வீடு என்றால் கூரை ஒழுகும், கழிப்பறை வசதி பார்க்க வேண்டும், வண்டி நிறுத்த இடம் இருக்காது என்று நான் சொன்னேன். யாராவது இதையெல்லாம் சொல்லத்தானே வேண்டும். குறிப்பேட்டில் ‘செயலாளர் சில ஐயங்களை எழுப்பினார்’ என்று எழுதிக்கொண்டேன்.

20 நவம்பர்

வைசியாள் வீதிப் பக்கம் போக வேண்டிய வேலை இருந்தது. அந்த வீட்டையும் வெளியிலிருந்து பார்த்தேன். நல்ல வீடு.

1 டிசம்பர், ஞாயிறு

நேற்றுப் புயல் கரையைக் கடந்தது. விடிந்தபோது முன்னறையில் முழங்காலளவு தண்ணீர். தெருவில் படகு வந்து ஆட்களை ஏற்றிப் போகிறது. மின்சாரம் இல்லை, போன் இல்லை. மனைவி கமலவேணியை மாடி வீட்டுக்காரர்கள் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறார்கள். சங்கத்துப் புத்தக அலமாரியில் கீழ் இரண்டு தட்டுகளும் முங்கிவிட்டன. நான் மேல்தட்டைக் காலி செய்வதா, கீழ்த்தட்டை எடுப்பதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு லான் அம்மாள் வந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்திருக்கிறார். வந்ததும் சுவரோரம் சாய்ந்திருந்த, சங்கத்தின் வியட்நாமியப் பதினாறு தந்தி வாத்தியத்தைத் தூக்கி மாடிப்படியில் வைத்தார். பிறகு புத்தகங்கள், பிறகு கோப்புகள். நான் எடுத்துக் கொடுத்தேன். என் வீட்டில் நான் எடுபிடி ஆள் போல நின்றேன்.

3 டிசம்பர்

தண்ணீர் வடிந்துவிட்டது. சேறும் நாற்றமும். மாடியில் கயிறு கட்டிக் காகிதங்களைக் காயப்போட்டோம். லான் அம்மாள் ஒவ்வொரு தாளாகப் பிரித்து நடுவே பழைய செய்தித்தாள் வைத்து ஒற்றி எடுக்கிறார். கை அவ்வளவு பொறுமை. காயத்துக்குக் கட்டுப்போட்டுப் பழகிய கை என்று கமலவேணி பாராட்டினாள்.

2019ஆம் வருடக் கடிதக் கோப்பை அவர் பிரிக்கும்போது நான் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்ததும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கொஞ்சம் வேகமாக வாங்கிவிட்டேன் போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தார்.

அதில் ஒரு பழைய கடிதம் இருக்கிறது. முக்கியமானது ஒன்றும் இல்லை.

15 டிசம்பர், ஞாயிறு

வகுப்பை மாடி வீட்டுக்காரர் கூடத்தில் வைத்தோம். பதினேழு பேர் வந்தார்கள். லான் அம்மாள் சொல்லிக்கொடுக்கிறார் என்று தெரிந்து வந்தவர்கள். வகுப்பு முடிந்ததும் அவர் சாயோ பொரித்துக் கொடுத்தார். அரிசித் தாளில் கறியும் கீரையும் வைத்துச் சுருட்டி எண்ணெயில் போடுகிற பலகாரம், இந்த ஊர்க் கல்யாண வீடுகளிலும் உண்டு. நான் மூன்று சாப்பிட்டேன். மொறுமொறுவென்று இருந்தது. கமலவேணி செய்முறை எழுதி வாங்கிக்கொண்டாள்.

சங்கத்து மின்னஞ்சலுக்கு மதாம் ஃபெலிசித்தே எழுதியிருக்கிறார். அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ஜனவரி எட்டாம் தேதி ஊருக்கு வருகிறாராம். அதற்கு முன் சங்கத்தின் பதிவு எண், வாரத்தில் எத்தனை நாள் என்னென்ன நடக்கும் என்ற விவரம், இரண்டையும் செயலாளர் கையெழுத்துடன் டிசம்பர் முடிவதற்குள் அனுப்பச் சொல்கிறார். வராவிட்டால் விடுதிக்காரருக்குச் சம்மதம் சொல்லிவிடுவாராம். ‘லான் அக்கா உங்கள் சங்கத்தைப் பற்றி நிறையச் சொன்னார்’ என்று முடித்திருந்தார்.

உங்கள் சங்கம். சரி.

18 டிசம்பர்

பதில் போடவில்லை. பதிவுச் சான்றிதழ் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

20 டிசம்பர்

சான்றிதழ் காய்ந்துவிட்டது. ஸ்கேன் எடுக்கிற கடை மூடியிருந்தது.

21 டிசம்பர்

கடை திறந்திருந்தது. கூட்டமாக இருந்தது.

22 டிசம்பர், ஞாயிறு

வகுப்பு முடிந்து அமலோர் சாருடன் நடந்து போனேன். வீடு கிடைத்துவிட்டால் தினமும் திறந்து பூட்ட, வருகிறவர்களோடு பேச ஒருவர் வேண்டும், லான் அம்மாளைப் பொறுப்பாளராகப் போட்டால் என்ன என்று கேட்டார். “உனக்கும் வயசாச்சு ராசு. கொஞ்சம் ஓய்வா இரு” என்றார். அவருக்கு என்னைவிட நாலு வயது கூட.

நான் நல்ல யோசனை என்றேன். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

எனக்கு ஒன்று புரியவில்லை. நான் புத்தகம் வைத்து எழுத்துக் கூட்டி முப்பது வருடம் படித்தது கல்லறை என்று கேட்கிறது. அவர் தாய் மடியில் சும்மா கிடந்து கேட்டது எல்லோருக்கும் இனிக்கிறது. தூதரகத்திலிருந்து யார் வந்தாலும் முன்பு என்னோடு ஆங்கிலத்தில் சிரமப்பட்டுப் பேசுவார்கள். போன மாதம் வந்தவர் அந்த அம்மாளைப் பார்த்ததும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தது போல உட்கார்ந்துவிட்டார். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தேநீர் கிடைக்குமா என்று கேட்டார்.

24 டிசம்பர்

கமலவேணியிடம் அமலோர் சார் சொன்னதைச் சொன்னேன். ஆறு வருடமாக வீட்டைக் கொடுத்தவனுக்கு இதுதான் மரியாதையா என்று கேட்டேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வீட்டை நீங்க குடுத்தீங்க. என்னை யாரு கேட்டாங்க?” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தலைக்குக் குளித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்ததில்லையாம். அவள் தங்கை வந்தால் அடுப்படியில் உட்காரவைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறதாம். மகனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்களைக் கூட வாத்தியத்துக்கும் அலமாரிக்கும் நடுவில் உட்காரவைத்தோமாம். அது எனக்கு நினைவிருக்கிறது. வந்தவர்கள் வாத்தியத்தைப் பற்றி ஆர்வமாகக் கேட்டார்கள், நான் விளக்கினேன். அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

“ஏன் சொல்லலை?” என்று கேட்டேன்.

“இடம் கிடைச்சா போயிடும்னு நீங்கதானே மாசா மாசம் சொன்னீங்க. நானும் நம்பிக்கிட்டிருந்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. இரண்டு தரம் கடைக்குப் போய் வந்தேன், ஒன்றும் வாங்காமல்.

27 டிசம்பர்

மோட்டார் சரியாகிவிட்டது. மின்னஞ்சலைத் திறந்தேன், மூடினேன்.

30 டிசம்பர், திங்கள்

காலை பதினோரு மணிக்கு லான் அம்மாள் வந்தார். கமலவேணி கோயிலுக்குப் போயிருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: மதாம் நேற்று போன் செய்தாராம். சங்கத்திடமிருந்து பதிலே இல்லையே, உங்கள் ஆட்களுக்கு விருப்பம் இல்லையா என்று கேட்டாராம்.

“செயலாளருக்கு வெள்ளத்துல நின்னு காய்ச்சல், ரெண்டு நாள்ல அனுப்பிடுவாருன்னு சொன்னேன் சார்.”

எனக்குக் காய்ச்சல் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் நிறுத்தவில்லை.

“அந்தப் பழைய லெட்டரை நான் படிச்சிட்டேன். ஒட்டிக்கிட்டிருந்ததைப் பிரிக்கும்போது கண்ணுல பட்டுது. யாருகிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். இந்த வீடு மட்டும் கையை விட்டுப் போயிடக் கூடாது சார்.”

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால், என்னைத் திட்டியிருந்தால், எனக்குச் சொல்ல ஆயிரம் பதில் இருந்தது. என் குற்றத்தையும் அவரே மறைத்து வைத்துக்கொண்டு போகிறார். அதிலும் அவர்தான் மேலே.

இனி எழுதிவிடுவதுதான் சரி. 2019 மார்ச்சில் ஒரு தனியார் நூலக அறக்கட்டளை எங்களுக்குக் கடிதம் எழுதியது. அவர்கள் கட்டடத்தின் மாடிக் கூடத்தைப் பத்து வருடத்துக்குத் தருவதாகச் சொன்னது. இரண்டே நிபந்தனை: சாவி அவர்களிடம் இருக்கும், சங்கத்தின் பொறுப்பாளர்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் வைத்து மாற்ற வேண்டும். நான் அதைச் செயற்குழுவில் வைக்கவில்லை. ‘எங்கள் குழு கூடி விவாதித்தது, ஏற்க இயலவில்லை’ என்று நானே பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். குழு கூடவே இல்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் ‘முயற்சி தொடர்கிறது’ என்று வாசித்தேன். அமலோர் சார் தலையாட்டினார்.

அப்போது லான் அம்மாள் யாரென்றே எனக்குத் தெரியாது. ஆகவே இவரால்தான் எனக்கு இந்தக் குணம் வந்தது என்றும் சொல்ல முடியாது.

மாலை நாலு மணிக்கு விவரங்களை அனுப்பிவிட்டேன்.

8 ஜனவரி 2025, புதன்

மதாம் ஃபெலிசித்தே வந்துவிட்டார். எழுபது வயதிருக்கும். பருத்திப் புடவை, குட்டையாக வெட்டிய நரைமுடி, புதுவைத் தமிழ் இன்னும் விட்டுப் போகவில்லை. வைசியாள் வீதி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம்: அவர், அமலோர் சார், லான் அம்மாள், நான். தரை குளிர்ச்சியாக இருந்தது. முற்றத்தில் துளசிச் செடி காய்ந்து நின்றது.

நிகழ்ச்சி விவரங்களைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒண்ணு கேக்கணும். இருபத்தோரு வருசம் இவ்ளோ வேலை செஞ்சிருக்கீங்க. இந்த ஊர்ல ஒருத்தர் கூட ஒரு இடம் தரலையா? ஏன்? உங்ககிட்ட ஏதாவது குறை இருக்குதா? எனக்குத் தெரியணும் இல்ல?”

அமலோர் சார் உடனே, யாரும் முன்வரவில்லை மதாம், ஒரே ஒருவர் கூட இல்லை, ராசு எத்தனை இடம் ஏறி இறங்கினார் தெரியுமா என்று என்னைக் காட்டிப் பேசினார். உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். அவர் பேசப் பேச லான் அம்மாள் குனிந்து புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லமாட்டார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. காலம் முழுக்கச் சொல்லமாட்டார். நான் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சொல்லாமல் இருப்பதையே பார்க்க வேண்டியிருக்கும்.

“ஒரு இடம் வந்துச்சு” என்றேன். “2019ல. நான்தான் வேணாம்னு எழுதிட்டேன். கமிட்டிக்குத் தெரியாது. அமலோர் சாருக்கும் தெரியாது.”

மதாம் ஏன் என்று கேட்டார்.

“சங்கம் என் வீட்டுலயே இருக்கணும்னு நினைச்சேன்.”

அமலோர் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். மதாம் எழுந்து முற்றத்தைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வந்தார். இரண்டு நாளில் சொல்வதாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் அமலோர் சார் ஆட்டோ பிடித்துத் தனியாகப் போனார். எப்போதும் சேர்ந்துதான் போவோம்.

10 ஜனவரி

வீடு சங்கத்துக்கு. முப்பது வருட ஒப்பந்தம், அதற்குப் பிறகு சங்கத்துக்கே சொந்தம். ‘குறை இருக்கிறதா என்று கேட்டேன், குறையை மறைக்காமல் சொன்னார்கள், அது போதும்’ என்றாராம் மதாம். ஒரு நிபந்தனை மட்டும்: பொறுப்பாளர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். லான் அம்மாள்தான் போனில் சொன்னார். குரலில் அழுகை. நான் வாழ்த்துச் சொன்னேன்.

12 ஜனவரி, ஞாயிறு

செயற்குழு. நான் பதவி விலகல் கடிதம் கொடுத்தேன். யாராவது வேண்டாம் என்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது. லான் அம்மாளைச் செயலாளராக அமலோர் சார் முன்மொழிந்தார். வழிமொழிய யாராவது கை தூக்குவதற்கு முன் நான் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். பெருந்தன்மை என்று எழுத ஆசையாக இருக்கிறது. வேறொருவர் தூக்குவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்து அமலோர் சாரிடம் போய் நின்றேன். “கொஞ்ச நாள் ஆகட்டும் ராசு” என்றார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

19 ஜனவரி

வேன் வந்து அலமாரி, புத்தகம், வாத்தியம், பெயர்ப்பலகை எல்லாம் போயிற்று. பலகை இருந்த இடத்தில் சுவர் வேறு நிறமாக இருக்கிறது. கமலவேணி முன்னறையைக் கழுவி விட்டாள். தங்கைக்குப் போன் போட்டு, பொங்கலுக்குத்தான் வர முடியவில்லை, வருகிற வாரமாவது வா என்று வெகுநேரம் பேசினாள். அவ்வளவு சிரித்துப் பேசி நான் கேட்டு நாளாயிற்று.

29 ஜனவரி, புதன்

இன்று அவர்கள் நாட்டுப் புத்தாண்டு. வைசியாள் வீதியில் திறப்பு விழா. நான் போகமாட்டேன் என்று நேற்று வரை சொல்லிக்கொண்டிருந்தேன். கமலவேணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். போனேன்.

வாசலில் நூற்றுக்கும் மேல் செருப்புகள் குவிந்து கிடந்தன. ஒருவரும் ஒழுங்கு பண்ணவில்லை. நான் நின்று ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்த ஆரம்பித்தேன். உள்ளே பேச்சு, பாட்டு, கைதட்டல் எல்லாம் கேட்டது. லான் அம்மாள் இரண்டு மொழியிலும் வரவேற்புரை சொன்னார். நான் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கும். அவர் என் பெயரையும் சொன்னார், சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்று. கைதட்டினார்கள். வயிறு எரிந்தது. நன்றியும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன.

பதினோரு மணி வாக்கில் ஒரு வயதான அம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். காரைக்காலிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். சைகோனில் பிறந்தவராம், அந்த மொழியைப் பேசி நாற்பது வருடம் ஆகிறதாம், பேச ஆள் இருப்பதாகப் பேப்பரில் பார்த்தாராம். என் கையில் யாருடைய செருப்போ இருந்தது.

“இங்க பெரியவங்க யாரு சார்? சங்கத்தை நடத்தறவங்க?”

இருபத்தோரு வருடமாக இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்லி வந்திருக்கிறேன். வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது.

“உள்ள மஞ்சப் புடவைல நிக்கிறாங்க பாருங்க, லான் அம்மா. அவங்கதான்” என்றேன்.

அந்த அம்மாள் என்னைத் தாண்டி உள்ளே போனார். வலித்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் வந்து அதையே கேட்டார். அவருக்கும் சொன்னேன். அப்போதும் வலித்தது.